பதினான்காம் கம்பம்

வசந்தாமணி பொய் சொல்ல மாட்டாள் என்று நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு இருந்தது. பாதிப் பேர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். மீதிப் பேர் அலுத்துக்கொண்டு சொன்னார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்கில் யாராவது சாம்பார் கொண்டுவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சூப்பர் என்பார்கள். இவள் மட்டும் "புளி தூக்கலா இருக்குதுங்க" என்பாள். ஒரு தைப்பூசத்தன்று கோயில் கேன்டீனில் இட்லிக்கு அறுபது பேர் வரிசையில் நின்றபோது, சூடேறிக் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரைப் பார்த்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி, "வேற வயர் வர்ற வரைக்கும் இட்லி கிடையாதுங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் எழுதினாள். எழுதினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு டிக் போட்டாள், அவ்வளவுதான்.

கோபிசெட்டிபாளையத்துக்காரி. கோயம்புத்தூரில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, 1992-ல் கணவன் நெடுஞ்செழியன் பின்னால் நியூ ஜெர்சி வந்து சேர்ந்தாள். அவன் சாஃப்ட்வேர் கான்ட்ராக்ட் ஆள். அவனுடைய கம்பெனி ஒவ்வொரு பொங்கலுக்கும் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணுவதாகச் சொல்லி, ஒவ்வொரு தீபாவளிக்கும் மறந்துபோனது. மூன்று வருஷம் வீட்டில் இருந்த வசந்தாமணிக்கு, ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பராமரிப்புத் துறையில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. கட்டடங்களின் விளக்கு, ஜெனரேட்டர், ஃபயர் அலாரம் எல்லாம் அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்த ஆபீஸ் அவளுக்காகக் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டது. அன்றிலிருந்து குடும்பத்தின் தலையெழுத்து நெடுஞ்செழியன் கையைவிட்டு அவள் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் அங்கே இருந்த நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் "கார்டு வரட்டும்" என்பார்கள். வீடு வாங்குவது கார்டு வந்த பிறகு. இரண்டாவது பிள்ளை கார்டு வந்த பிறகு. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, போனில் அழுதுகொள்ளலாம், போவது கார்டு வந்த பிறகு. அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் ஒழுகினால்கூட, எதற்கு வம்பு, கார்டு வரட்டும் என்று பக்கெட்டை வைத்தவர்களை எனக்குத் தெரியும். வாழ்வதையே தள்ளிப்போட்டவர்கள் வேறு எதைத்தான் தள்ளிப்போட மாட்டார்கள்?

1997 கோடையில் பல்கலைக்கழகத்தில் நீல விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு. பார்க்கிங் லாட்டிலும் ஒதுக்குப்புறமான பாதைகளிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பம், உச்சியில் நீல விளக்கு, நடுவில் சிவப்புப் பட்டன். தனியாக வரும் பெண்ணுக்குப் பயமாக இருந்தால் பட்டனை அமுக்க வேண்டும். கேம்பஸ் போலீஸ் பேசும், மூன்று நிமிஷத்தில் வந்து நிற்கும். முந்தின வருஷம் இரண்டு பெண்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து மாணவிகள் ஊர்வலம் போய்ப் போராடி வாங்கிய கம்பங்கள் அவை. அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அரசாங்கத்திலிருந்து நிதி வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒன்று, கம்பங்கள் சோலாரில்தான் ஓட வேண்டும் என்றார். நல்ல விஷயம்தான். பெண்களுக்குப் பாதுகாப்பு, சுத்தமான மின்சாரம், இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டிப் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். கம்பங்களை விற்ற கம்பெனி அவருடைய மருமகனுடையது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வாரம் ஒரு முறை கம்பங்களைச் சோதிப்பது வசந்தாமணியின் வேலை. ஒவ்வொரு கம்பமாகப் போய்ப் பட்டனை அமுக்கி, போலீஸ் குரல் கேட்டதும் "டெஸ்ட்" என்று சொல்லி, தாளில் அந்த எண்ணுக்கு நேராக டிக் போட வேண்டும். அவள் அதைச் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொண்டாள். மகள் கயலுக்கு அப்போது நாலு வயது, டேகேரில் இருந்தாள். ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் டேகேரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இருட்டில் ஃப்ரீவேயில் ஓட்டுவதென்றால் வசந்தாமணிக்கு உள்ளங்கை வேர்க்கும். ஆகையால் வெளி வேலை எல்லாம் மதியத்தில். எல்லா வாரமும் இருபத்திரண்டு டிக் விழுந்தது.

நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு அங்கே ஐந்து மணி என்பது முழு இருட்டு. வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பார்க்கிங் லாட்டைக் கடக்கும்போது பதினான்காம் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று கண்டாள். இறங்கிப் பட்டனை அமுக்கினாள். சத்தமே இல்லை. மறுநாள் மதியம் போய் அமுக்கினாள், கணீரென்று பேசியது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கான்ட்ராக்டில் எழுதியிருந்ததில் பாதி அளவு பேட்டரிதான் உள்ளே இருந்தது. வெயில் காலத்தில் அது போதும். குளிர்காலத்தில், கட்டடத்தின் நிழலில், நாலரை மணிக்கே இருட்டும் ஊரில், அது சாயங்காலமே செத்துப்போகும். மதியம் மட்டும் பேனலில் விழும் வெயிலே நேராகக் கம்பத்தை ஓட்டும். அவள் இத்தனை வாரம் சோதித்தது கம்பத்தை அல்ல, சூரியனை. கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தவளுக்கு வெயில் வராமல் போகும் என்ற நினைப்பே வந்ததில்லை.

அன்று இருட்டிய பிறகு மற்றக் கம்பங்களையும் அமுக்கிப் பார்த்தாள். தாளில் பதினாலுக்கு நேராகவும், இன்னும் எட்டுக் கம்பங்களுக்கு நேராகவும் 'ஃபெயில்' என்று எழுதி மேலதிகாரி டொனாட்டோவிடம் கொண்டுபோனாள். டொனாட்டோ கெட்டவன் இல்லை. கயலின் பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தவன். தாளைப் படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தான். டிசம்பர் நடுவில் அந்த உறுப்பினர் பத்திரிகைக்காரர்களோடு கம்பங்களைப் பார்க்க வருகிறார், அடுத்த வருஷ நிதியும் அவர் கையில் இருக்கிறது, ஜனவரி விடுமுறையில் பேட்டரிகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றான். மதியம் வேலை செய்கிறதா இல்லையா என்று கேட்டான். செய்கிறது என்றாள். அப்படியானால் மதியச் சோதனையில் பாஸ்தானே, அதை எழுதுவது எப்படிப் பொய்யாகும் என்றான். பிறகு, வேறு எதையோ பேசுவதுபோல, அவளுடைய கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு வேண்டிய ஆபீஸ் கடிதம் தன் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றும் சொன்னான்.

அன்று வீட்டில் நெடுஞ்செழியனிடம் சொன்னாள்.

"ஜனவரியில மாத்தீருவாங்கல்ல?" என்றான் அவன்.

"மாத்தறேன்னு சொல்றாருங்க."

"அப்பறமென்ன. என்ற விசா ஆகஸ்டோட முடியுது வசந்தா. அந்த லெட்டர் இல்லீன்னா மூணு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கார்டு வரட்டும், அப்பறம் நீ யாரை வேணும்னாலும் கேளு."

மறுநாள் காலையில் புதுத் தாள் எடுத்து இருபத்திரண்டு டிக் போட்டாள். பழைய தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் கிழித்துப் போடவில்லை என்று பின்னாளில் அவளுக்கே தெரியவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்றும் மதியம் போய் டிக் போட்டு வந்தாள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, வேதியியல் ஆய்வகத்திலிருந்து மானஸா வெளியே வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், முனைவர் படிப்பு, இருபத்து நாலு வயது. கோயிலில் பழக்கமாகி மாதம் ஒரு ஞாயிறு வசந்தாமணி வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுவிட்டு, கயலுக்குத் தலை பின்னிவிட்டுப் போகிறவள். பார்க்கிங் லாட்டில் பின்னால் ஒருவன் வருவது தெரிந்ததும் பதினான்காம் கம்பத்துக்கு ஓடினாள். அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அவன் பிடித்துவிட்டான். திமிறிக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு ஓடினாள். அதுவும் பேசவில்லை. ஐஸ் படிந்திருந்த படியில் அவன் அவளைத் தள்ளினான். குப்பை வண்டி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பியதால்தான் அவன் விட்டுவிட்டு ஓடினான். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, முன்பல் இரண்டு போனது. அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மானஸாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் வேறு ஆள் இல்லை. அவள் வசந்தாமணி வீட்டுக்குத்தான் வந்தாள். பத்து நாள் கயலின் அறையில் படுத்திருந்தாள். வசந்தாமணி மிளகு ரசம் வைத்துச் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினாள், தலை வாரிவிட்டாள், பாத்ரூம் கதவுக்கு வெளியே காவல் நின்றாள். மூன்றாம் நாள் கேம்பஸ் போலீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் அதிகாரி, ரொம்ப மரியாதையாக, பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினாய், முழுதாக உள்ளே போகும்வரை அமுக்கினாயா, பயத்தில் கை நழுவியிருக்குமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அந்தக் கம்பம் அன்று மதியம் பன்னிரண்டு இருபதுக்குச் சோதிக்கப்பட்டு நன்றாக வேலை செய்திருக்கிறது, பதிவு இருக்கிறது என்றாள். வசந்தாமணி அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

அவர்கள் போன பிறகு மானஸா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே பேசினாள். "நான் அமுக்கினேன் ஆன்ட்டி. நெஜமாவே அமுக்கினேன்."

"தெரியும் கண்ணு. தூங்கு."

தெரியும் என்றுதான் சொன்னாள். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கதவருகே நெடுஞ்செழியன் நின்றுகொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை, சும்மா நின்றான். அதுவே போதுமாக இருந்தது. ஜனவரி முதல் வாரம் மானஸாவை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு செமஸ்டர் லீவு என்று சொல்லிப் போனவள், திரும்பி வரவில்லை.

சொன்னபடி ஜனவரியில் எல்லாக் கம்பங்களிலும் சரியான பேட்டரி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வசந்தாமணியைப் பேய் பிடித்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் அவளால் நேராக வீட்டுக்குப் போக முடியாது. கம்பம் கம்பமாகக் காரை நிறுத்தி, இறங்கி, பட்டனை அமுக்குவாள். "உங்களுக்கு என்ன ஆபத்து?" என்று குரல் கேட்கும். "டெஸ்ட்" என்பாள். அடுத்த கம்பம். டேகேர் அபராதம் போட்டது. போலீஸ் டொனாட்டோவிடம் புகார் சொன்னது. கார் சீட்டில் இருந்த கயல், "அம்மா, ஹூ ஆர் யூ காலிங்?" என்று கேட்பாள். அடுத்த கம்பத்துக்குக் காரை எடுப்பாள். பதினான்காம் கம்பத்தில் மட்டும், குரல் வந்த பிறகும் விரலை எடுக்க மனம் வராமல் நிற்பாள். குரல் வருவதற்கு முன்னால் ஒரு வினாடி மௌனம் இருக்கும். அந்த ஒரு வினாடியில் பின்னால் யாரோ வருவதுபோல் அவளுக்குக் கழுத்து சில்லிடும். திரும்பிப் பார்த்தால் காருக்குள் குழந்தை மட்டும் இருக்கும்.

பிப்ரவரியில் மாணவர் பத்திரிகை ஒன்று மருமகன் சமாச்சாரத்தைப் போட்டு உடைத்தது. சொந்த மருமகனுக்கு லாபம் வரும் என்று தெரிந்தே நிதிக்கு ஓட்டுப் போட்டாரா, மட்டமான பொருளென்று தெரிந்தும் மறைத்தாரா என்று விசாரிக்கச் சட்டமன்றத்தின் நெறிமுறைக் குழு கூடியது. பல்கலைக்கழகத்திலிருந்து சோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கியது. வசந்தாமணிக்கும் ஒரு கடிதம் வந்தது. அந்தத் தாள்களில் இருப்பது அவளுடைய கையெழுத்துத்தானா, அதற்கு மேல் சொல்ல ஏதாவது உண்டா, மார்ச் முப்பத்தொன்றுக்குள் எழுதலாம் என்று கேட்டிருந்தார்கள்.

அதே வாரம் இன்னொரு கடிதம் வந்தது. கிரீன் கார்டு இன்டர்வியூ, ஏப்ரல் பதினாலு.

"ரெண்டே வாரம் வசந்தா" என்றான் நெடுஞ்செழியன். "ஆறு வருஷமாக் காத்திருந்தோம், ரெண்டு வாரம் பொறுக்கக் கூடாதா? அந்தக் குழு எங்கயும் ஓடிப்போயிறாது."

"முப்பத்தொண்ணுக்குள்ள வேணும்னு போட்டிருக்குதுங்க."

"கவர்ன்மென்ட் தேதிதானே. ஏப்ரல் பதினஞ்சு நானே உன்னைக் கார்ல கூட்டீட்டுப் போறேன். பழைய தாளைக் கையில குடுத்துட்டு வா. சத்தியமாச் சொல்றேன்."

அவன் ஏமாற்றவில்லை, உண்மையாகவே கூட்டிப்போகத்தான் நினைத்தான். நம் ஊர்க் கமிட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன், அவை எந்தத் தேதிக்கும் முடியாது என்று நம்பினான். வசந்தாமணி அந்தக் கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதினாள். கையெழுத்து என்னுடையதுதான் என்று.

ஏப்ரல் இரண்டாம் தேதி குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மருமகனைப் பற்றி முன்கூட்டியே சொல்லாதது உறுப்பினரின் கவனக்குறைவு என்று ஒரு வரி. பொருள் மட்டமானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் அவள் பெயர் இருந்தது. தகுதி வாய்ந்த எஞ்சினியர் வசந்தாமணி நெடுஞ்செழியன் வாராவாரம் செய்த சோதனைகளில் எல்லாக் கம்பங்களும் தேறியிருக்கின்றன, சம்பவ நாளன்றும் தேறியிருக்கின்றன, ஆகவே பாதிக்கப்பட்ட மாணவி பதற்றத்தில் கருவியைச் சரியாகப் பயன்படுத்தாமல் இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. ஆபீசில் டொனாட்டோவின் கம்ப்யூட்டரில்தான் அதைப் படித்தாள். இத்தனை நாள் ஒரு தப்பை மறைத்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட பெண்ணைத் தானே பொய்க்காரி ஆக்கியிருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது.

பதினாலாம் தேதி இன்டர்வியூவில், கார்டு உறுதி என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெளியே வந்து நெடுஞ்செழியன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பதினைந்தாம் தேதி சொன்னபடி அவன் லீவு போட்டுக் காரை எடுத்தான். ஒன்றரை மணி நேரப் பயணம். குழுவின் அலுவலகத்தில் ஒரு வயதான பெண்மணி நாலாக மடித்த தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, வந்ததற்கு நன்றி சொன்னாள். மே மாதக் கடைசியில் இரண்டு வரிப் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, காலம் கடந்து வந்த ஆவணங்கள் கோப்பில் சேர்க்கப்படும் என்று. அந்த உறுப்பினர் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். வசந்தாமணி தாளின் இன்னொரு பிரதியை கேம்பஸ் போலீஸிடமும் கொடுத்தாள், டொனாட்டோவிடம் ராஜினாமாவையும் கொடுத்தாள். அவன் வாங்கி வைத்துக்கொண்டு, நீ நல்ல எஞ்சினியர் என்றான். அந்த வார்த்தைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

மிச்சம் இருந்தது ஒருத்திதான். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மயிலாப்பூரில் சாயங்காலம் ஆகியிருக்கும் நேரம் பார்த்து, போன் போட்டாள். மானஸாவின் அம்மா எடுத்து, நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டோம் என்று சொல்லி மகளிடம் கொடுத்தாள். மானஸாவின் பேச்சில் இப்போது லேசான சீழ்க்கைச் சத்தம் இருந்தது. புதுப் பல் இன்னும் பழகவில்லை என்றாள். வசந்தாமணி சுற்றி வளைக்கவில்லை. பேட்டரி, மதிய வெயில், டிக், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள்.



"அப்போ நான் சரியாத்தான் அமுக்கினேனா ஆன்ட்டி?"

"சரியாத்தான் அமுக்கினே கண்ணு."

"நானே தப்பா அமுக்கிட்டேன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன். டெய்லி அதே நெனப்பு. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா வந்திருப்பாங்களேன்னு." பிறகு அவளே கேட்டாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நவம்பர்ல."

"உங்க வீட்ல பத்து நாள் இருந்தேனே ஆன்ட்டி."

வசந்தாமணி சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். இதற்கு ஒரு பதில் மூன்று மாதமாகத் தயாராக இருந்தது. சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும், உண்மை அதுதான் என்பதால் சொன்னாள். "கார்டு வரட்டும்னு இருந்துட்டோம் கண்ணு."

"வந்துடுச்சா?"

"வந்துருச்சு."

"நல்லது ஆன்ட்டி" என்று சொல்லி மானஸா போனை வைத்தாள்.